தம்பிக்கு வந்தது எனக்கும் இருக்குமா?



கணியூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு மில் பஸ்ஸில் போய் வருகிறவர். அவருடைய தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர்; ஓவர்லாக் ஓட்டுகிறார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்க நின்ற இடத்திலேயே தம்பி மயங்கி விழுந்தாராம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அலுப்பு, நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டான் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். கோவையில் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் தசைச்சுவர் தடித்திருப்பது தெரிந்தது. "உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராச்சும் திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அப்பா நாற்பத்திரண்டு வயதில் வரப்பில் சாய்ந்தவர். வெயில் தாக்கிவிட்டது என்றே இத்தனை வருடமும் ஊர் பேசிக்கொண்டிருந்தது.

தம்பியின் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோய்க்குக் காரணமான மாற்றம் எது என்று தெரிந்துவிட்டது. அக்காவும் அதே பரிசோதனையை எடுத்துக்கொள்வது நல்லது என்கிறார் மருத்துவர். காப்பீட்டு முகவராக இருக்கும் உறவினரோ, "அம்மிணி, அதை மட்டும் எடுத்துராத. பேப்பர்ல ஏறிடுச்சுன்னா அப்புறம் உனக்கும் பாலிசி கெடைக்காது, புள்ளைகளுக்கும் கெடைக்காது" என்று சொல்லியிருக்கிறார். சகோதரி கேட்கிறார்: "எடுத்தா உசிருக்கு நல்லதுங்கறாங்க, எடுக்காட்டி பாலிசிக்கு நல்லதுங்கறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

மருத்துவர் பேச்சைக் கேளுங்கள் அம்மா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்குக் காரணமான மாற்றம் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தம்பியிடம் கண்டுபிடித்த மாற்றம் உங்களிடம் இல்லை என்று வந்துவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழியில் அது வராது. வருடா வருடம் எக்கோவுக்கு அலைய வேண்டாம், ஓடி விளையாடும் பையனைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். இருக்கிறது என்று வந்தால் அப்போதும் வழி இருக்கிறது. கண்காணிப்பு, மாத்திரை, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நெஞ்சில் பொருத்தும் சிறு கருவி என்று மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்த நோய் இது என்று யாராவது உங்கள் அம்மாவைக் குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், சொந்தமோ அசலோ, அது ஒன்றுதான்.

இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும், பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசைக்கான புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று அது சொன்னது. நூற்றுக்கு நால்வர். ஐம்பது பேர் ஏறும் மில் பஸ்ஸில் சராசரியாக இருவர். இதய நோய்க்கு இந்த மாற்றம் பெரிய காரணம் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 2018-லிருந்து வந்த ஆய்வுகள் இன்னொன்றைக் கண்டுபிடித்தன. அந்த 25 எழுத்து விடுபட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்தே இருக்கிறது. ஆபத்தின் பெரும்பகுதி அந்தச் சேர்க்கையால் வருவது. மற்றவர்களுக்கு முதலில் பயந்த அளவு ஆபத்து இல்லை. 2009 கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைத் தீர்மானித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோடிக்கணக்கான ஆரோக்கியமான மனிதர்கள் முப்பது வருடத்துக்குக் கூடுதல் பணம் கட்டியிருப்பார்கள், அல்லது பாலிசியே இல்லாமல் திரும்பியிருப்பார்கள். விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொண்டுவிடும். கையெழுத்தான பாலிசிப் பத்திரம் அப்படித் திருத்திக்கொள்வதில்லை. மரபணு முடிவை வைத்து ஒருவருக்கு ஆயுள் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மருத்துவக் காப்பீட்டில் இந்தப் பிரச்சினை ஏற்கெனவே நீதிமன்றம் ஏறிவிட்டது. டெல்லியைச் சேர்ந்த ஒருவருக்கு இதே இதயத்தசைத் தடிப்பு நோய். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவில் 2000-லிருந்து பாலிசி வைத்திருந்தார். 2011-இல் மருத்துவமனையில் சேர்ந்து கிளைம் கேட்டபோது, மரபணு நோய்கள் இந்தப் பாலிசியில் சேராது என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரி 26 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்புச் சொன்னார். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எதற்குள் தேடினாலும் மரபணுவின் கை இருக்கும். 'மரபணு நோய்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைத்து எல்லாவற்றையும் தள்ளுவது பாகுபாடு, அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கு எதிரானது என்றார். அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், இனி வரும் மருத்துவப் பாலிசிகளில் இந்த விலக்கு கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது உண்மை. ஆனால் 2019 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவப் பாலிசியில் வைக்கக் கூடாத விலக்குகளின் பட்டியலில் மரபணு நோய்களைத் தெளிவாகச் சேர்த்துவிட்டது.

ஆக, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஓரளவு காவல் வந்துவிட்டது. ஆயுள் காப்பீட்டுக்கு வரவில்லை. மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் அதை வைத்து மறுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்த உறவினரின் பயம் வெறும் புரளி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ஆபத்து தெரிந்தவர்கள் மட்டும் பெரிய தொகைக்கு வந்து சேர்ந்தால் எல்லோரும் போட்ட பணம் கரைந்துபோகும், மற்றவர்களின் பிரீமியம் ஏறும் என்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மரபணு முடிவைக் கேட்காமலே காப்பீட்டுத் தொழில் நடத்தும் நாடுகள் இருக்கின்றன. கனடா 2017-இல் சட்டமே இயற்றி, எந்த ஒப்பந்தத்துக்கும் மரபணுப் பரிசோதனையை நிபந்தனையாக்குவதைக் குற்றமாக்கியது. 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பிரிட்டனில் அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நோய் இன்னும் வராதவரின் மரபணு முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் பாலிசிக்கு, ஹண்டிங்டன் என்ற ஒரே ஒரு நோய்க்கு மட்டும் விதிவிலக்கு. ஆஸ்திரேலியாவில் காப்பீட்டுக்குப் பயந்து மக்கள் பரிசோதனையையே தவிர்ப்பதை மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஜேன் டில்லரும் சக ஆய்வாளர்களும் பல வருடம் எடுத்துச் சொன்னார்கள். ஆயுள் காப்பீட்டில் மரபணு முடிவைப் பயன்படுத்தத் தடை கொண்டுவருவதாக அந்நாட்டு அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. அமெரிக்கா மட்டும் பாதியில் நிற்கிறது. அதன் 2008 சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருந்தும். ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அந்த நோயாளிகள் பட்ட அவமானத்தை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி. சட்டம், முறையான கணக்கு ஆய்வு இல்லாமல் அவர்களுக்குக் காப்பீடு மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. நோய் வந்தவர்களுக்கே அந்தப் பாதுகாப்பைத் தர முடிந்த நாடு இது. நோயே வராமல் காகிதத்தில் ஒரு வரி மட்டும் உள்ளவர்களுக்கு ஏன் தரக் கூடாது?

சட்டம் வரும்வரை என்ன செய்வது? கணியூர் சகோதரிக்கு எழுதியதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். நோய் அறிகுறி இல்லாதவர், பரிசோதனைக்கு முன்பே ஆயுள் பாலிசி எடுப்பதில் தவறில்லை. தெரியாததைச் சொல்லும்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் படிவத்தில் பெற்றோர், உடன்பிறந்தோரின் உடல்நிலையையும் இறந்த காரணத்தையும் கேட்டிருப்பார்கள். அப்பா இறந்த வயதையும் தம்பியின் நோயையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும். முகவர் நிரப்பித் தருகிறேன் என்றால், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே பரிசோதனை எடுத்திருந்து, படிவம் அதைக் கேட்டால் மறைக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி பாலிசி தொடங்கி 3 ஆண்டு முடிந்துவிட்டால் நிறுவனம் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது நடந்தால், மறைத்த ஒரு வரிக்காகக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். பாலிசிக்காகக் காத்திருந்து பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மருத்துவச் சோதனையே கேட்காத காப்பீடு இரண்டு இருக்கின்றன. நம் தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், 1976-லிருந்து நடக்கும் இ.டி.எல்.ஐ. திட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கான பணத்தை முதலாளிதான் கட்டுகிறார். உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பைசா போகாது. பீஸ் ரேட்டில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பி.எஃப். இல்லாத இடத்துக்கு மாறுகிறவர்கள் இந்த 7 லட்சத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மற்றொன்று, வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், வருடத்துக்கு 436 ரூபாய், 2 லட்சம் காப்பீடு. சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து அல்லாத மரணத்துக்குப் பணம் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிளைமை மறுத்தாலோ, ஒரு மாதமாகப் பதிலே இல்லாமல் இழுத்தடித்தாலோ, வக்கீல் வைக்கக் காசில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்புக்கு நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் எழுதிவிடுங்கள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பத்தில் இருந்த நோயையோ மரபணுப் பரிசோதனையையோ காரணம் காட்டி உங்களுக்கு ஆயுள் பாலிசி மறுத்திருந்தால், அல்லது அந்தப் பயத்தால் நீங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தால், நடந்ததை எழுதி, கடிதத்தின் நகலோடு எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரும் ஊரும் வெளியே வராது. வந்தவற்றையெல்லாம் தொகுத்து, கொங்கு மண்டலத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பி, கனடாவைப் போல ஒரு சட்டம் வேண்டும் என்று இந்த இதழ் கேட்கப்போகிறது. கடிதம் எழுத வராதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதினாலும் வாசிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்