பள்ளி வாயிலில் நறுமண நஞ்சு!

கொல்ல வருபவன் வாளேந்தி வந்தால் அவனை அடையாளங் காணல் எளிது. இனிப்பேந்தி வந்தால் யார் காண்பார்? தமிழ்நாட்டுப் பள்ளிகளை அடுத்த பெட்டிக்கடைகளில், சிறுவர் வாங்கும் மிட்டாய்க்கும் கடலை உருண்டைக்கும் அருகிலேயே ஏலமும் புதினாவும் மணக்கும் புகையிலை விலைபோகின்றது. வாங்குவோன் மீசை முளையாச் சிறுவன். விற்போன் அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவிற்கு அறிந்தவன்!

புகையிலைக்கு நறுமணம் எதற்கு? அதன் இயல்பான சுவை காறலும் கசப்புமே. முதன்முறை இழுப்பவனுக்கு இருமலும் குமட்டலும் எழுகின்றன. அஃது உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் கூக்குரல். அக்குரலை அடக்கவே மணம் சேர்க்கப்படுகின்றது. புதினாவிலிருந்து எடுக்கும் மென்தால் தொண்டையைக் குளிர்வித்து மரக்கச் செய்கின்றது. புகையின் காரம் புலப்படாமற் போகின்றது. வடிகட்டியுள் சிறு குமிழ் பதித்து, அதனை விரலால் நசுக்கினால் மணம் பரவும் வெண்சுருட்டுகளும் வந்துவிட்டன. நாற்பது ஆண்டு புகைத்துப் பழகிய முதியவனுக்கு இவ்விளையாட்டு வேண்டுமா? வேண்டாம்! இது பதின்மூன்று அகவைப் பிள்ளைக்கென்றே விரித்த வலை.

வலையில் மீன் சிக்காமலும் இல்லை. 2019-ஆம் ஆண்டு இந்தியா முழுமையும் எடுத்த கணக்கின்படி, 13 முதல் 15 அகவை வரையுள்ள மாணவருள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையிற் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இது மூவருக்கு மேல்! மூளை வளர்ச்சி நிறைவுறாத அவ்வகவையில் நிக்கோட்டின் பற்றினால் அதன் பிடி எளிதில் விடுவதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கின்றது. 18 அகவை நிரம்பாதார்க்கு விற்கலாகாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கச எல்லைக்குள் எவர்க்குமே விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆயின், அம் மீறலுக்கு அது வகுத்த தண்டம் 200 உருபாவிற்கு மேற்படாது! ஒரு மாலை விற்பனையில் ஈட்டிவிடும் தொகை அது. சிறாருக்குப் புகையிலை கொடுப்போனுக்கு ஏழாண்டு வரை சிறையும் ஓரிலக்கம் உருபா வரை தண்டமும் உண்டு என்று 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் சட்டம் கூறியும், பள்ளி வாயிலில் அச்சமின்றியே வணிகம் நடக்கின்றது.

மெல்லும் புகையிலையைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. அத்தடையை 2023 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் நீக்கியது. அந்நீக்கத்தை அவ்வாண்டு ஏப்பிரலில் உச்சமுறைமன்றம் நிறுத்தி வைத்தது. எனினும் வெளிமாநிலங்களில் செய்யப்படும் பொட்டலம் எல்லை தாண்டி வருகின்றது. மாணவர் இதழிடுக்கில் ஒடுக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' என்னும் பொருளை நாடு முழுமைக்கும் ஏன் தடை செய்யலாகாது என்று மதுரைக் கிளை மன்றம் 2024-இல் வினவியது. மணமூட்டிய வெண்சுருட்டோ அத்தடைக்குள்ளும் அடங்கவில்லை.

வணிக நாடுகள் எனப் பெயர்பெற்றவையே விழித்துக்கொண்டன. அமெரிக்க ஒன்றியம் 2009-இல் மென்தால் நீங்கலான மணமூட்டிய வெண்சுருட்டுகளை விலக்கியது. விட்ட அவ்விடைவெளியே அங்குக் கேடாய் நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் மென்தால் வெண்சுருட்டையும் சேர்த்து விலக்கியது. புகையிலைக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கையை 2004-இலேயே ஏற்ற இந்திய அரசு, இன்னும் எதற்குக் காத்திருக்கின்றது?

பெட்டிக்கடைக்காரன் பிழைப்புக் கெடும் என்பர் சிலர். அவன் பிழைப்பைக் காட்டித் தம் கொள்ளையை மறைப்போர் ஆலை முதலாளிகளே. பள்ளியருகே கடலையும் எழுதுகோலும் விற்றும் ஒருவன் வாழலாம். அரசுக்கு வருவாய் குறையும் என்பர் வேறு சிலர். வாய்ப்புற்றுக்கு மருந்து தேடி அலையும் குடும்பத்தின் செலவை அவர் எந்த ஏட்டில் எழுதுவர்?

ஆகவே, புகையிலைப் பொருள் எதனிலும் மணமும் சுவையும் சேர்த்தல் அறவே விலக்கப்படல் வேண்டும். ஒற்றை ஒற்றையாய் வெண்சுருட்டு விற்றல் ஒழிதல் வேண்டும். உறையில் 85 விழுக்காடு பரப்பில் அச்சிட்ட எச்சரிக்கைப் படம், ஒன்றை மட்டும் வாங்கும் சிறுவன் கண்ணிற் படுவதே இல்லை. தண்டம் கடைக்காரனோடு நில்லாது, செய்து அனுப்புவோனையும் தைத்தல் வேண்டும். அரசு அசையுமுன் ஊர் அசையட்டும்! பெற்றோரும் ஆசிரியரும் இன்றே தம் பள்ளி வாயிலிலிருந்து 100 கசம் அளந்து பார்க்கட்டும். அவ்வெல்லைக்குள் தொங்கும் ஒவ்வொரு சரத்திற்கும் கணக்குக் கேட்கட்டும்!