ஒரே புல்வெளியில் இரு வகை வீடுகள்



கோடை விடுமுறை வந்ததும் இங்கிலாந்து நாட்டுக் குடும்பங்கள் பல, ஓட்டல்களை நாடாமல், ஊருக்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு புல்வெளிக்குச் சென்று நாலைந்து நாள் தங்கி வருகின்றன. அது ஓர் உழவரின் மேய்ச்சல் நிலமாக இருக்கலாம். சங்கம் ஒன்று நடத்தும் முகாமாகவும் இருக்கலாம். அங்கே ஒரு புறம் துணிக் கூடாரங்கள், மறுபுறம் கேரவன்கள். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி நம் நினைவுக்கு வரும். நான் கூறுவது அதனினும் எளியது. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு அது. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பிடம் யாவும் அதனுள் அடக்கம்.

துணிவீட்டாரும் வண்டிவீட்டாரும் அடுத்தடுத்துக் குடியேறினால் நிகழ்வது யாது என்பதை 2023 ஆகஸ்டில் மூன்று இரவுகள் உடனிருந்து கண்டேன். என் தம்பி மகன் மான்செஸ்டர் நகரில் பணிபுரிகிறான். அவனும் அவன் மனைவியும் இரு பிள்ளைகளும், லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதிக்கு என்னையும் அழைத்துச் சென்றனர். அறுபது வயதைக் கடந்த பின்னர் முதன்முறையாக நான் தரையில் துணிக்கடியில் படுத்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை. நெடுஞ்சாலை எங்கும் வண்டிகள் ஊர்ந்தன. நாங்கள் சென்று சேர்கையில் இரவு பத்தரை மணி. அத்தகைய முகாம்களில் பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல் ஓசை கூடாது. எங்கள் கார் திரும்பியபோது அதன் விளக்கொளி உறங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு கூடாரத்தின்மீதும் வரிசையாகத் தடவிச் சென்றது. பிள்ளைகள் பசியால் சிணுங்கினர். தம்பி மகன் முளைகளைச் சுத்தியால் அறைந்தான். பக்கத்தில் நின்ற கேரவனின் திரை விலகிற்று. முதியவர் ஒருவர் கையில் டார்ச்சுடன் இறங்கி வந்தார். வசை கேட்கப்போகிறோம் என்றே நினைத்தோம்.

“இன்றிரவுக்கு நான்கு மூலை முளைகள் போதும். எஞ்சியவற்றைக் காலையில் அடியுங்கள். காற்று ஏரிப்பக்கமிருந்து வரும், வாயிலை இப்புறம் திருப்பிவிடுங்கள்” என்று தணிந்த குரலில் கூறிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதில் கடிதலும் இல்லை, கனிவும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய வண்டியிலிருந்து தொலைக்காட்சிச் செய்தி எங்கள் காதில் விழுந்தது. “மலையையும் ஏரியையும் காண வந்தவர் இங்கேயும் தொலைக்காட்சியா பார்ப்பார்! இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே, பெரியப்பா” என்றான் தம்பி மகன். நானும் சிரித்தேன். எங்கள் பேச்சுத் தமிழில் இருந்தது எங்கள் நல்லூழ். ஏனெனில் கூடாரத்துத் துணி கண்ணை மறைக்குமேயன்றிக் காதை மறைப்பதில்லை. துணிக்குள் புகுந்ததும் மனிதர் தம்மைச் சுவருக்குள் இருப்பதாகவே எண்ணிக்கொள்கின்றனர். எங்களுக்கு இரு கூடாரங்கள் தள்ளி, பணம் செலவானது பற்றிக் கணவனும் மனைவியும் தொடுத்த வழக்கை அந்தப் புல்வெளியே கேட்டது. விளக்கை உள்ளே ஏற்றிவைத்தாலோ, உடை மாற்றுவோரின் நிழல் துணியில் விழுந்து தோற்பாவைக் கூத்தாகிவிடும்.

இரு சாராருக்கும் ஒருவர்மீது ஒருவருக்குக் குறைகள் உண்டு. வண்டிவீட்டார் மின்சாரக் கம்பத்தருகே நல்ல மேட்டிடத்தை எடுத்துக்கொள்கின்றனர், ஜெனரேட்டரை ஓடவிடுகின்றனர், கழுவிய நீரைப் புல்லில் வடியவிடுகின்றனர் என்பது கூடாரத்தாரின் முறையீடு. பிள்ளைகள் பந்தை வண்டிமேல் அடிக்கின்றனர், நள்ளிரவில் பாட்டும் கூத்தும், குளியலறையில் சேறு என்பது வண்டிவீட்டாரின் முறையீடு. முகாம் வாழ்வில் எழுதாச் சட்டம் ஒன்றுண்டு: பிறர் தங்கியிருக்கும் இடத்தின் குறுக்கே நடந்து போகலாகாது. சுற்றித்தான் செல்லவேண்டும். எங்கள் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடும்போதெல்லாம் முதியவரின் வண்டிக்கும் காருக்கும் இடையேதான் ஓடினர். மருமகள் எத்தனை முறை அதட்டியும் பயனில்லை.

இடம் பிரிந்துபோவதற்கு நிலமும் ஒரு காரணம். ஈரப் புல்லில் வண்டிச் சக்கரம் புதையும். ஆதலால் சரளை பரப்பிய தரை வண்டிகளுக்கு. சரளையிலோ கூடார முளை இறங்காது; ஆகவே கூடாரங்களுக்கு ஓரத்துப் புல்தரை. மழை பெய்தால் முதலில் நனைவது எவருடைய பாய் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு வழக்கங்களும் எங்கிருந்து வந்தன என்று பின்னர் தேடிப் படித்தேன். தொடக்கத்தில் நிற்போர் இருவர்: ஒருவர் மருத்துவர், மற்றவர் தையற்காரர்.

மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படையில் பணியாற்றியவர். சிறுவர்களுக்குத் துணிகரக் கதைகள் எழுதியவர். 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில், ஏறத்தாழ இரண்டு டன் எடையில், தமக்கென ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்தார். ‘நாடோடி’ என்பது அதன் பெயரின் பொருள். இரு குதிரைகள் பூட்டி, நாயும் கொண்டைக் கிளியும் உடன்வர, இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்வரை அதில் பயணம் செய்தார். வண்டியோட்டி ஒருவர், மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று பாதை பார்த்துவர ஓர் ஏவலர். பிழைப்புக்காக நாடோடி மக்கள் வண்டியில் வாழ்ந்தது பழைய செய்தி. இன்பத்துக்காகவே அவ்வாறு வாழ வண்டி செய்வித்தவர்களுள் முன்னோடி இவர். கேரவன் உடையோரின் சங்கம் 1907இல் தோன்றிற்று.

தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். 1853இல், ஒன்பது வயதுச் சிறுவனாய்ப் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டுவண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். அந்த இளமை நினைவு அவரை விடவேயில்லை. மிதிவண்டியில் கட்டிச் செல்லத்தக்க இலேசான கூடாரத்தைத் தாமே வடிவமைத்தார். எடையைக் குறைப்பதில் அவருக்கிருந்த வேட்கை, அங்குலம் அங்குலமாகத் துணி வெட்டும் தொழிலிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1901இல் ஒரு சிலரோடு மிதிவண்டி முகாமாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் அவர் எழுதிய கையேடு முகாம் வாழ்வுக்கே இலக்கணமாயிற்று. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பின்னாளில் இந்தச் சங்கத்தின் தலைவராயிருந்தார்.

இரண்டு டன் எடையில் வீட்டைச் சுமந்தவர் ஒருவர்; முதுகுப் பையில் வீட்டை மடித்துவைத்தவர் ஒருவர். இருவரும் தேடியது ஒன்றையே. கூடாரத்தாரின் சங்கத்துக்குள்ளேயே 1930களில் கேரவன் உடையோருக்கெனத் தனிப் பிரிவு எழுந்தது. 1983இல் சங்கத்தின் பெயரே ‘முகாம், கேரவன் சங்கம்’ என்றாயிற்று.

சட்டம் மட்டும் இவர்களை இன்னும் தனித்தனியே பார்க்கிறது. இங்கிலாந்தில் கேரவன்களை நிறுத்தும் நிலம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. கூடாரங்களோ 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஏற்புப்பெற்ற சங்கங்கள் சான்றளித்தால், சிறு நில உடைமையாளர் தனி உரிமம் பெறாமலே ஐந்து கேரவன்கள்வரை தம் நிலத்தில் நிறுத்த இடம்தரலாம். ஒரு சங்கம் சான்றளிக்கும் சிறு நிலங்களில் வண்டிகளோடு கூடாரங்களுக்கும் இடமுண்டு. மற்றொன்றில் வண்டிகளுக்கு மட்டுமே என்பது மரபு. ஆகவே சேர்ந்து தங்குவதா, பிரிந்து தங்குவதா என்பது அந்நாட்டில் பழைய வழக்கு.

பிரித்துவைப்பதே நலம் என்போரின் கருத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். இரண்டாம் நாள் பிற்பகலில் இளைஞர் கூட்டம் ஒன்று ஒலிப்பெட்டியோடு வந்து இறங்கியது. நில உடைமையாளராகிய உழவர் ஒன்றும் பேசவில்லை. ஓடைக்கு அப்பாலுள்ள கீழ் வயலைக் காட்டி அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் நிம்மதி, அவர்களுக்கும்தான். ஆயினும் அன்றிரவு நிகழ்ந்ததை நினைத்தால், எல்லாரையும் அவ்வாறு பிரித்து அனுப்பவேண்டும் என்று சொல்ல என் நா எழவில்லை.

மாலையிலிருந்து குளிர்காற்று. ஆகஸ்ட் மாதமேயானாலும் அது மலைநாடு. வெளியே கரி அடுப்பில் கோழி சுட்டுத் தின்றோம். சின்னவளுக்கு உடல் நடுங்கிற்று. தழல் அடங்கிச் சாம்பல் பூத்துவிட்டதே, இனி இதனால் தீங்கில்லை, கொஞ்சம் வெதுவெதுப்பாவது கிடைக்கும் என்று தம்பி மகன் அடுப்பைத் தூக்கிக் கூடாரத்தின் முன்பந்தலுக்குள் வைத்து வாயிலை மூடினான். படித்தவன், எனினும் அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது.

இரண்டு நிமிடம் கடந்திருக்காது. வெளியே கயிறு ஒன்று அதிர்ந்தது. எவரோ தடுக்கிக்கொண்டு வரும் ஓசை. கூடாரத்தில் தட்டுவதற்குக் கதவு ஏது? “ஐயா, திறவுங்கள், உடனே திறவுங்கள்” என்றது குரல். திறந்தால் அந்த முதியவர். சுற்றிவராமல், எங்கள் கயிறுகளுக்கிடையே நேரே நடந்து வந்திருந்தார். கேளாமலே அடுப்பைப் பற்றி வெளியே இழுத்தார்.

மூச்சு வாங்கியபின் விளக்கினார். சாம்பல் மூடிய கரியும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டமில்லாத கூடாரத்துக்குள் அது சேர்ந்தால் தலைவலி, மயக்கம். உறங்குவோர் உறக்கத்திலேயே இறந்துபோவர். அந்நாட்டு முகாம்களில் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. கரி அடுப்பை, அணைந்ததாகத் தோன்றினாலும், கூடாரத்துக்குள்ளோ கேரவனுக்குள்ளோ அதன் துணிப் பந்தலுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. தம் வண்டிச் சாளரத்தின் வழியே, தம்பி மகன் அடுப்பைத் தூக்கியதை அவர் கண்டிருக்கிறார். நாங்கள் நகைத்த அதே சாளரம்.

மருமகள் சின்னவளை மடியில் இறுக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தாள். பின்னர் மெல்ல என்னிடம், “மாமா, காலையில் நாம் சிரித்தோமே” என்றாள்.

மறுநாள் தேநீருக்கு அவர் எங்களைத் தம் வண்டிக்கு அழைத்தார். உள்ளே எல்லாம் கையடக்கம். அவருடைய மனைவி மேசையருகே அமர்ந்திருந்தார். இடுப்பு மூட்டு மாற்றி ஆறு ஆண்டுகளாயினவாம். தரையில் படுத்தால் எழ இயலாது. முப்பத்தொரு ஆண்டுகள் தாங்களும் கூடாரத்தில்தான் வந்ததாகவும், அறுவை மருத்துவத்துக்குப் பின்னரே பழைய வண்டி ஒன்றை வாங்கியதாகவும் சொன்னார். காதும் மந்தம், ஆகவேதான் தொலைக்காட்சியின் ஒலி அவ்வளவு உயர்ந்திருந்தது. “தொல்லையாயிருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்று கூசாமல் சொன்னோம்.

பழைய கூடாரத்தை விற்க மனமின்றி வண்டியின் கட்டிலடியிலேயே வைத்திருக்கின்றனர். முதியவர் அதை இழுத்து எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார். பச்சை நிறத் தடித்த பருத்தித் துணி. அதன் மரமுளைகள்கூட அப்படியே இருந்தன. சுவருள்ளவர் கூடாரத்தாரை உத்தேசித்துக் குரலைத் தணிக்கவேண்டும் என்பதுதான் அதுவரை என் எண்ணம். அது இப்போதும் மாறிவிடவில்லை. ஆனால் சுவருக்குள் இருப்பவர் யார் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

“வண்டியில் எல்லாம் வசதிதான். கூரையில் மழை விழுந்தால் மட்டும் தகரத்தில் கல் எறிவதுபோல் இருக்கிறது, எனக்கே கேட்கிறதென்றால் பாருங்கள்” என்றார் அந்த அம்மையார்.

கடைசி இரவு மழை வந்தது. பெருமழையன்று, துணிமேல் விரல் நுனியால் தட்டுவதுபோன்ற சாரல். மருமகள் குடையை எடுத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் போனாள். சிறிது நேரத்தில் அந்த அம்மையார் அவள் தோளைப் பற்றியவாறு, எங்கள் கயிறுகளைச் சுற்றி மெல்ல நடந்து வந்தார். பின்னே கணவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்தார். எங்கள் முன்பந்தலில் அதை விரித்து அமர்த்தினோம். துணிக்கு மிக அருகில் காதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தார். பிள்ளைகள் அதற்குள் உறங்கிவிட்டிருந்தனர்.

காலையில் கூடாரத்தைப் பிரித்தபோது ஈரமண்ணில் நாற்காலிக் கால்களின் நான்கு தடங்கள் இருந்தன. தம்பி மகன் அவற்றை மிதிக்காமல் சுற்றிவந்து முளைகளைப் பிடுங்கினான்.