ஒரே வெட்டில் இரண்டு வேலையா?





"எப்படியும் சிசேரியனுக்கு வயிற்றை வெட்டத்தானே போகிறார்கள்? அதே கையோடு தொங்குகிற சதையையும் வெட்டி இறுக்கித் தைத்துவிட்டால் என்ன?"

பிள்ளைத்தாய்ச்சிகள் கூடிப் பேசும் இடங்களில் இந்தக் கேள்வி இப்போது காதில் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மச்சியோ தங்கச்சியோ தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பிவிடுகிறாள். பிரசவம் முடிந்த மறு மாதமே ஒட்டிய வயிற்றோடு நிற்கும் ஒரு நடிகையின் படம். பெரிய நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் கேட்டுச் செய்து கொள்பவர்களும் உண்டு. பதுளையில் இருக்கும் நமக்கும் ஆசை எட்டிப் பார்க்கிறது.

கேட்பதில் குற்றமில்லை. ஒரே மயக்க மருந்து, ஒரே தழும்பு, ஒரே ஓய்வு என்று கணக்குப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. அதைத் தெரிந்து கொண்டால் விடை தானாகவே வந்துவிடும்.

பெயர் ஒன்று, வேலை வேறு

சிசேரியன் என்பது அடிவயிற்றில் ஒரு சாண் அளவு வெட்டி, கருப்பையைத் திறந்து, பிள்ளையை எடுத்து, திரும்பத் தைப்பது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். தாய் விழித்திருப்பாள். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள்.

வயிற்றுச் சதை அகற்றும் சத்திரசிகிச்சை அப்படியல்ல. ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்ற இடுப்பெலும்பு வரை வெட்டுவார்கள். தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை உரித்துத் தூக்குவார்கள். நடுவில் விலகிப் போன தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். மிஞ்சிய தோலை வெட்டி எறிந்து, தொப்புளுக்குப் புதிய இடம் அமைப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில், இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். உள்ளே ஊறும் நீர் வடியக் குழாய் வைப்பதும் உண்டு. இரண்டும் வயிற்றில்தான் நடக்கின்றன. அதற்கு மேல் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை.

அளவெடுக்க முடியாத துணி

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். நனைந்து ஊறிய துணியை யாராவது அளவெடுத்து வெட்டுவார்களா? காய்ந்த பிறகு அது சுருங்கும் என்று தெரியாதா?

பிள்ளை பிறக்கும் நேரத்தில் கருப்பை மட்டும் ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் அது 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். தோலுக்கடியில் நீர் கோத்திருக்கும். தசை தளர்ந்து விலகியிருக்கும். இவையெல்லாம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும்தான் தம் இடத்துக்குத் திரும்பும். பிரசவ மேசையிலேயே எவ்வளவு வெட்டுவது என்று எந்த வைத்தியரால் சொல்ல முடியும்? கூட வெட்டினால் காயம் இழுபட்டுப் பிரியும். குறைய வெட்டினால் சில மாதங்களில் திரும்பவும் தொங்கும்.

இது வெறும் ஊகமல்ல. சிசேரியனோடு சேர்த்து இதைச் செய்து கொண்ட பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2011இல் அழகுச் சத்திரசிகிச்சை இதழொன்றில் வந்தது. அவர்களுக்குக் காயத்தில் கிருமி தொற்றுவதும் தையல் பிரிவதும் கூடுதலாக இருந்தன. வயிற்றின் தோற்றமும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. சேர்த்துச் செய்ய வேண்டாம் என்பதே அந்த வைத்தியர்களின் முடிவு.

உயிருக்குக் காவலான கை

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பிறந்த பின் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் இரத்தம் கொட்டும். அதனால்தான் பிரசவ அறையில் தாதி அடிக்கடி வந்து வயிற்றின் மேல் கை வைத்து அமுக்கிப் பார்க்கிறாள். இளகியிருந்தால் தேய்த்து விடுகிறாள். அதிலும் நிற்காவிட்டால் வைத்தியர் அதே காயத்தைத் திரும்பத் திறக்க வேண்டி வரலாம். விலா வரை உரித்து இறுக்கித் தைத்த வயிற்றில் அந்தக் கை எங்கே வைப்பது?

இன்னொன்று இரத்தம் கட்டிபடுவது. கர்ப்ப காலத்தில் பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. பிரசவத்தில் இரத்தம் கூடப் போகாமலிருக்க அல்லாஹ் வைத்த ஏற்பாடு அது. ஆனால் பிரசவித்த ஆறு வாரத்துக்குள் காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் அதனாலேயே கூடுகிறது. சிசேரியன் அந்த ஆபத்தைக் கூட்டும். நீண்ட சத்திரசிகிச்சையும், எழுந்து நடக்க முடியாமல் படுத்திருப்பதும் இன்னும் கூட்டும். இவ்வளவையும் ஒரே நாளில் ஓர் உடம்பின் மேல் ஏற்றுவது தகுமா?

பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். முதல் மணி நேரத்திலேயே மார்பில் போட வேண்டிய பிள்ளை அது. குனிய முடியாமல், நிமிர முடியாமல், குழாயோடு படுத்திருக்கும் தாய் எப்படித் தூக்குவாள், எப்படிப் பாலூட்டுவாள்?

தோட்டத்துச் சகோதரியின் வயிறு

ஊவாவில் இருந்து கொண்டு வயிற்றைப் பற்றி எழுதும்போது, நம் அயலில் இருக்கும் தோட்டத்துப் பெண்களை மறந்து எழுத முடியாது. பசறை, ஹாலி எல, ஹப்புத்தளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு வயிற்றுத் தசை அழகுக்குரிய பொருளல்ல. சரிவில் காலூன்றி நிற்கவும், தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துச் சுமை தாங்கவும், லயத்துக்குத் தண்ணீர் தூக்கவும் அதுதான் அவளுடைய பலம்.

மகப்பேற்று நன்மைகள் சட்டம் அவளுக்குத் தரும் லீவு 12 வாரம். பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் என்பது கணக்கு. முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 6 வாரம்தான் கிடைத்தது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் எந்தப் பிள்ளைக்கும் ஒரே அளவு லீவு என்றாயிற்று. பத்தாவது வாரம் முடிந்ததும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு அவள் மலைக்கு ஏற வேண்டும். வெட்டுப்பட்ட வயிறு அதற்குள் தேற வேண்டும். சிசேரியன் காயம் தேறுவதற்கே காலம் போதாத வாழ்க்கையில், அதே நாளில் இரண்டாவது காயம் எவ்வளவு பெரிய பாரம் என்பதை அவளிடம் கேட்டால் தெரியும்.

வீட்டில் அடுப்படியும் மூத்த பிள்ளைகளும் காத்திருக்கும் நமக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

நம் ஊரில் உண்மையில் சேரும் இரண்டாவது வேலை

சிசேரியனோடு சேர்த்து நம் வைத்தியசாலைகளில் உண்மையாகவே நடக்கும் இரண்டாவது வேலை வேறொன்று. எல்.ஆர்.ரி. என்று சொல்லப்படும் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் அது. வயிறு திறந்திருக்கும்போதே கருக்குழாய்களைக் கட்டிவிடுவது. இதற்குச் சில நிமிடங்களே போதும், புதிய வெட்டும் இல்லை. ஆகவே மருத்துவ முறையில் இதற்கு இடமுண்டு.

ஆனால் இதில் கேள்வி வெட்டைப் பற்றியதல்ல, சம்மதத்தைப் பற்றியது. தோட்டப் பெண்களிடையே இந்தச் சத்திரசிகிச்சை நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது. 1980களில் இதைச் செய்து கொள்பவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது; ஒரு கட்டத்தில் அது 500 ரூபாய். அன்றைய தோட்டக் கூலிக்கு அது சிறிய தொகையல்ல. அத்தனை பெண்களும் விளங்கித்தான் கையொப்பம் வைத்தார்களா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி வளரும் என்பதை 2019இல் நாம் நேராகவே கண்டோம். குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன், சிசேரியன் செய்யும்போது சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று பழி எழுந்தது. அவ்வருடம் மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. அந்தப் பழிக்குப் பின்னால் இருந்த துவேஷத்தை நாம் அறிவோம். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தன் வயிற்றுக்குள் என்ன செய்யப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலையில் எத்தனை பெண்கள் இருந்திருக்கிறார்கள்! அந்த இருட்டில்தான் பொய் விளக்கேற்றியது.

எனவே சகோதரிகளே, சிசேரியனோடு சேர்த்து எதையாவது செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சு கர்ப்ப காலத்திலேயே, கிளினிக்கில், கணவனும் அருகிலிருக்க நடக்கட்டும். வலியெடுத்து மேசையில் கிடக்கும்போது நடக்க வேண்டாம். என்ன செய்வார்கள், அதைத் திரும்ப மாற்ற முடியுமா, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். விளங்காத மொழியில் இருக்கும் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும்போது தரும் அட்டையில் எழுதியிருப்பதையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இது வைத்தியரைச் சந்தேகிப்பதல்ல. நேர்மையான வைத்தியருக்கு இதுவே பாதுகாப்பு.

மார்க்கத்தின் பார்வை

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி அழகுச் சத்திரசிகிச்சையைப் பற்றி ஆராய்ந்தது. விபத்தாலும் நோயாலும் வந்த குறையைச் சீர் செய்வதற்கும் துன்பத்தை நீக்குவதற்கும் அது இடம் கொடுத்தது. ஆசைக்காகவும் நாகரிகத்துக்காகவும் இயல்பான படைப்பை மாற்றுவதற்கு இடம் கொடுக்கவில்லை. கிடைக்கும் நன்மையைவிடத் தீங்கு கூடிவிடக் கூடாது என்பதும் நிபந்தனை. பிரசவ நாளில் செய்வதில் தீங்குதான் கூடுகிறது என்பதை மேலே பார்த்தோம். வயிறு தளர்ந்து உண்மையாகவே துன்பப்படும் சகோதரி, பின்னொரு காலத்தில் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், காத்திருங்கள். பிள்ளையைச் சுமக்க வயிறு விரிய ஒன்பது மாதம் எடுத்தது. திரும்பவும் அவ்வளவாவது கொடுங்கள். சத்திரசிகிச்சைதான் வேண்டும் என்றாலும் பிரசவித்து ஆறு மாதமாவது கழிய வேண்டும், பால் மறக்கடித்திருக்க வேண்டும், எடை ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும், இனிப் பிள்ளை வேண்டாம் என்ற நிலையும் இருக்க வேண்டும் என்பதே வைத்தியர்கள் பொதுவாகச் சொல்வது. அடுத்த கர்ப்பம் வந்தால் தைத்ததெல்லாம் திரும்பவும் விரிந்துவிடும்.

படுக்கையிலிருந்து நேராக எழும்பாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துக் கொள்ளுங்கள். தாதி எழுந்து நடக்கச் சொன்னால் சோம்பாமல் நடங்கள்; இரத்தம் கட்டாமலிருக்க அதுவே மருந்து. ஆழமாக மூச்சு விட்டு அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுக்கும் பயிற்சியைச் சில நாட்களிலேயே தொடங்கலாம். படுத்துக்கொண்டு உடம்பைத் தூக்கி எழும்பும் கடும் பயிற்சிகள் இப்போது வேண்டாம்.

நாற்பது நாளில் வயிற்றுக்குத் துணி கட்டும் பழக்கம் உம்மாமார்களிடம் இருக்கிறது. இதமாகக் கட்டினால் நடக்க ஆறுதலாக இருக்கும். ஆனால் துணி கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் காயத்துக்கும் கெடுதி.

குடும்ப நல உத்தியோகத்தர் முதல் நாட்களிலேயே வீட்டுக்கு வருவார். அவரிடம் வெட்கப்படாமல் காயத்தைக் காட்டுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது துர்நாற்றம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், மிதமிஞ்சிய இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஆறு மாதம் கழிந்த பின், மல்லாந்து முழங்காலை மடித்துப் படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். தொப்புளுக்கு மேலே நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, இருமும்போது கட்டி போல் ஏதும் புடைத்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அது ஹேர்னியாவாக இருந்தால் அழகுக்கான சிகிச்சையல்ல, நோய்க்கான சிகிச்சை. அதற்கு அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

கடைசியாக, இந்தப் பக்கத்தை வாசிக்கும் கணவன்மார்களுக்கும் மாமிமார்களுக்கும் ஒரு சொல். "வயிறு எப்போது உள்ளே போகும்?" என்று விளையாட்டாகக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விதான் பல பெண்களைத் தேவையில்லாத கத்தியை நோக்கித் தள்ளுகிறது. அதற்குப் பதிலாக இரவில் ஒரு தடவை பிள்ளையைத் தூக்கி வைத்திருங்கள். ஒரு வாளி தண்ணீர் சுமந்து கொடுங்கள். வெட்டுப்பட்ட வயிறு அதில்தான் விரைவாகத் தேறும்.

சகோதரிகளே, பிரசவ மேசையில் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. நீங்களும் பிள்ளையும் சுகமாக இறங்கி வருவது. மற்றதெல்லாம் பிறகு. அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் இலேசான பிரசவத்தையும் பூரண சுகத்தையும் தருவானாக. ஆமீன்.