அவன் ஒரே ஆள்தானே!

குடியை நிறுத்திவிட்டு வா, மனநோய்க்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறது ஒரு வாசல். காதில் குரல் கேட்கிறவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, அதைச் சரிபண்ணிக்கொண்டு வா, குடிக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறது இன்னொரு வாசல். இந்த இரண்டு வாசலுக்கும் அலைந்தே என் தம்பியின் இளமை கரைந்துவிட்டது. அம்மாவின் தாலிக்கொடிகூட அடகுக்கடையிலிருந்து திரும்பவில்லை. கேட்க நாதியில்லாதவர்களா நாங்கள்?

கல்லூரியில் படிக்கும்போதே அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஆள் இல்லாத அறையில் யாரோ அவனைத் திட்டினார்கள், மிரட்டினார்கள், செத்துப்போ என்றார்கள். குடித்தால் அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கியது, கண் அசந்தது. அதற்காகத்தான் குடித்தான். பிறகு குடியே தனி நோயாக வளர்ந்தது. குடித்த நாளில் மாத்திரை போடமாட்டான். மாத்திரை விட்டால் குரல் கூடும். குரல் கூடினால் மறுபடி குவார்ட்டர். நெடுநாள் குடித்தவர்களுக்குக் குடியினாலேயே குரல் கேட்பதும் உண்டு, திடீரென நிறுத்தும்போது கேட்பதும் உண்டு. அதனால் எது நோய், எது குடி என்று பிரித்தறிய வேண்டுமானால் குடியில்லாமல் சில வாரங்கள் வைத்துக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நியாயம். ஆனால் அந்தச் சில வாரங்களுக்கு அவனை வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"வீட்டிலேயே நிறுத்த வைங்கம்மா, நாலு நாள் கதவைப் பூட்டி வைங்க" என்று எத்தனை பேர் எங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்! ஊறிப்போன குடியை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, கை கால் உதறி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து, நினைவு தடுமாறி உயிரே போகலாம். பக்கத்தில் இருந்து நடுக்கத்தை அடக்க மருந்தும், பி1 சத்து ஊசியும் தர ஆள் வேண்டும். என் தம்பிக்கு வலிப்பு வந்தபோது கூட இருந்தது எழுபது வயதைக் கடந்த என் அம்மா ஒருத்திதான். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அலறிய அலறலுக்கு எந்த ஆஸ்பத்திரி பதில் சொல்லும்?

கடன் வாங்கி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அவனுக்கு வேறு என்ன நோய், என்ன மாத்திரை போடுகிறான் என்று ஒரு கேள்வி இல்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய மனநோய் மாத்திரைகளை, எல்லாம் போதைதான் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். குடித்தால் குமட்டவும் படபடக்கவும் வைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கொடுத்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அது நோயைக் கிளறிவிடக்கூடும். தெரிந்த மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். ராத்திரியில் அவன் கத்தியபோது துண்டால் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியில் கட்டுண்டு கிடந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் தீயில் கருகினார்களே, அந்தச் சாம்பலுக்குப் பிறகும் மனிதனைக் கட்டிப் போட உங்களுக்குக் கை எப்படி வருகிறது?

சட்டம் இல்லாமலா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனக்கோளாறையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. அரசு நடத்தும் மனநலச் சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. மாவட்டத்தில் அந்தச் சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கு ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. சட்டம் அவனை ஒரே ஆளாகப் பார்க்கிறது. ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னல் அவனை இரண்டாக வெட்டுகிறது.

குடிக்காமல் வந்தால்தான் வைத்தியம் என்றால், குடிக்காமல் இருக்க முடிந்தவனுக்கு எதற்கு ஐயா வைத்தியம்? சர்க்கரை ஏறிவிட்டது என்று எந்த மருத்துவராவது சர்க்கரை நோயாளியை வெளியே தள்ளுகிறாரா? என் தம்பி மறுபடி ஒருநாள் குடித்தான் என்பதற்காக, பாதி சிகிச்சையில் பையைக் கையில் கொடுத்துத் தெருவில் விட்டார்கள்.

2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசுதான். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். எந்தச் சிற்றூரிலிருந்து கிளம்பினாலும் கடை கிட்டத்தில் இருக்கிறது. வாங்க வருகிறவனிடம், உனக்கு மனநோய் உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பணத்தை வாங்கும்போது அவன் ஒரே ஆள். காப்பாற்ற வேண்டும் என்று வந்து நிற்கும்போது மட்டும் அவன் இரண்டு துறையின் ஆள், கடைசியில் எந்தத் துறைக்கும் ஆள் இல்லை!

நாங்கள் மட்டுமா? வரிசையில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன். புருஷனின் அடிவலி தாங்காமல் குடிக்கப் பழகிய பெண்ணுக்கு, பெண்கள் வார்டு இல்லை என்று பதில். காது கேளாத ஒருவரைக் குழு ஆலோசனையில் உட்கார வைத்திருந்தார்கள். சைகை தெரிந்தவர் ஒருவர் இல்லை. ஒரு மணி நேரம் மற்றவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநங்கை ஒருவர் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்ற பேச்சு முடியும்வரை வராந்தாவிலேயே காத்திருந்தார். எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையைப் பெறுகிறார் என்றது. அந்த ஒருவராகவும் வர முடியாதவர்கள்தான் அந்த வரிசையில் நின்றவர்கள்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பெங்களூரு நிமான்ஸில் போதை மருத்துவப் பிரிவு மனநல மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய அமைப்பின் மருத்துவமனை, குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஒரு டாக்டரம்மா இருந்தார். "குடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கூட்டிட்டு வாங்க" என்றார். குரலுக்கும் குடிக்கும் அவரே பார்த்தார். மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றினார். தவறிய மாதம் போன் செய்து கேட்டார். அந்தக் காலத்தில் என் தம்பி ஒரு அச்சகத்தில் வேலைக்குப் போனான், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தான். அப்புறம் அவரை இடமாறுதல் செய்துவிட்டார்கள். புதிதாக வந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, குடியை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க என்றார்.

ஒரு நல்ல மனுஷியின் மனசில் மட்டும் இருந்த ஏற்பாட்டை அரசாணையில் எழுதுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே குழு வேண்டும். குடித்துவிட்டு வந்தாலும், குரல் கேட்டாலும், பெண்ணானாலும், திருநங்கையானாலும், காது கேளாவிட்டாலும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுதுங்கள். அதுவரை, அடுத்த முறை அவனுக்கு நடுராத்திரியில் வலிப்பு வரும்போது ஆட்டோக்காரரிடம் எந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வது என்று மட்டுமாவது பதில் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் அந்தப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.