புதுப் பெட்டி வாங்க முன், பழையதைக் கொஞ்சம் விசாரிப்போம்

ஊர் உறவுகளுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் உங்கள் காசு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணைப் பரீட்சையில், கண்டி ஒப்பந்தம் செய்யப்பட்ட ஆண்டு எது என்று கேட்டிருந்தோம். ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகள் 1805 என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் படிக்கிற பிள்ளைகள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதற்கு வழியில்லாத மேசைகள். கூப்பிட்டு விசாரித்தோம்.

"சேர், நீங்க வட்ஸ்அப்ல போட்ட ஒடியோல அப்படித்தானே இருக்கு?"

போட்டுக் கேட்டோம். "ஆயிரத்து எண்ணூற்று... னைந்து." 1815 என்று நாங்கள் ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தோம். நடுவில் இருந்த "பதி"யைக் கொம்பியூட்டர் விழுங்கிவிட்டது. பாடம் முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு நிமிடமும் இரண்டு மூன்று இடத்தில் குரல் விக்கியது.

இந்த ஒலிப்பதிவுகளை நாங்கள் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. டியூசனுக்குக் காசு கட்ட முடியாத வீடுகளில் பிள்ளைகள் இரவில் இதைக் கேட்டுத்தான் மீட்டிப் படிக்கிறார்கள். பார்வை குறைந்த ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகமே இதுதான். அந்தப் பிள்ளையிடம் நாங்கள் பிழையான ஆண்டைக் கொடுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த பிழைதான் பெரிது. மைக்கை லெப்டொப்புடன் இணைக்கும் சின்ன யூஎஸ்பி சவுண்ட் பெட்டி பழுது என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். பெற்றோர் கூட்டத்தில் சொன்னோம். நீங்கள் தந்தீர்கள். அன்றைய ஓட்டத்தில் கிடைத்ததில் ஒரு பகுதியை மடித்துக் கொண்டுவந்து தந்த ஓட்டோக்கார வாப்பாவின் கை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. புதுப் பெட்டி வந்தது. பழையது அலுமாரிக்குப் போனது. புதியதில் பதிவு செய்து கேட்டோம். அதே விக்கல்.

எங்களைக் காப்பாற்றியவர் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் தரம் 12 மாணவர் ஒருவர். "சேர், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க" என்றார். ஒரு மணித்தியாலம் போகவில்லை. லெப்டொப்பில் செருகியிருந்த மலிவான யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிப் பெட்டியை நேரே குத்தியதும் விக்கல் பாதியாகக் குறைந்தது. வைஃபையை நிறுத்தியதும் முழுதாக நின்றது. லெப்டொப் நிறுவனத்தின் தளத்தில் இருந்து வைஃபைக்குரிய புதிய டிரைவரைப் போட்ட பிறகு, வைஃபை ஓடும்போதும் குரல் சுத்தமாக வந்தது. அலுமாரியில் இருந்த பழைய பெட்டியை எடுத்துப் போட்டோம். அதிலும் சுத்தம். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? எங்கள் குரலை அந்தப் பெட்டி பொதுவாக ஒரு செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்கள், சாதாரண பெட்டிகளில், மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி வீதம் கொம்பியூட்டருக்குப் போகின்றன. பென்டிரைவில் கோப்பைப் பிரதி செய்யும்போது ஒரு பொதி கெட்டுப்போனால் கொம்பியூட்டர் திரும்பக் கேட்டு வாங்கும். ஒலிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. நேரத்துக்கு வராதது போனதுதான். அது எங்கள் "பதி"யாகவும் இருக்கலாம்.

"அப்படியானால் வேகமான கொம்பியூட்டர் வேண்டுமே" என்று நினைக்காதீர்கள். 16 பிட் ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு மில்லிசெக்கனில் போக வேண்டியது வெறும் 192 பைட். மிகப் பழைய யூஎஸ்பிக்கும் அது சுமையே இல்லை. பஸ்ஸில் இடம் தாராளமாக இருக்கிறது, சாரதிதான் நேரத்துக்கு எடுக்கவில்லை. வைஃபை டிரைவர் போன்ற ஏதோ ஒன்று கொம்பியூட்டரைச் சில மில்லிசெக்கன்கள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலியைக் கவனிக்க ஆள் இல்லை.

வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றாலும் தாங்கியில் உள்ளது கை கொடுக்கும். பதிவு மென்பொருளில் "பஃபர்" என்று இருப்பதும் அதே தாங்கிதான். 256 சாம்பிள் தாங்கி ஐந்து மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும். 1024 என்றால் இருபத்தொரு மில்லிசெக்கன். தாங்கியைப் பெரிதாக்கினால் நம் குரல் ஹெட்செட்டில் கொஞ்சம் பிந்திக் கேட்கும். பாடம் பதிவு செய்ய அதனால் ஒரு குறையும் இல்லை.

ஆகவே, குரல் விக்கினால் இந்த ஒழுங்கில் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். ஒன்றை மாற்றிப் பயன் இல்லாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

1. ஸூம் வகுப்பில் மட்டும் விக்குகிறதா? இணையத்தைத் துண்டித்து, அதே மைக்கால் லெப்டொப்பிலேயே பதிவு செய்யுங்கள். சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் இணைய இணைப்பில்தான் சிக்கல். அந்த நேரத்தில் இணையம் வைஃபையில் வந்திருந்தால் 3ஆம் படியையும் பாருங்கள்.

2. ஹப், நீட்டிப்பு வயர் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியை நேரே லெப்டொப்பில் குத்துங்கள். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லிஅம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. நேரடித் துளை 500 தரும். வயர் 5 மீற்றருக்கு மேல் போகக் கூடாது.

3. வைஃபையையும் புளூடூத்தையும் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் டிரைவரைப் புதுப்பியுங்கள். லேட்டன்சிமொன் என்ற மென்பொருள் எந்த டிரைவர் அதிக நேரம் பிடிக்கிறது என்று காட்டும்.

4. விண்டோஸில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் "யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை நிறுத்துங்கள். கரண்டை மிச்சம் பிடிக்க கொம்பியூட்டர் யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும் ஏற்பாடு அது. பதிவு செய்யும்போது லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டுவையுங்கள்.

5. விண்டோஸ் ஒலி அமைப்பில் 48,000 ஹேர்ட்ஸ் என்றால் பதிவு மென்பொருளிலும் 48,000. ஒன்று 44,100, மற்றது 48,000 என்று இருக்க வேண்டாம்.

6. கடைசியாக, அதே வயருடன் வேறு கொம்பியூட்டரில் போடுங்கள். அங்கும் விக்கினால் வயரை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் விக்கினால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியில்லா மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வெளியிட்டது. மலிவான கம்பியில்லா மைக்குகள் பல அதே அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. மைக்கின் ரிசீவரைச் சின்ன நீட்டிப்பு வயரில் போட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் குத்திய துளையில் இருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

"இவ்வளவு மினக்கெட யாருக்கு நேரம்? நல்ல விலையில் ஒன்றை வாங்கினால் முடிந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. விலை கூடிய பெட்டிகள் பல தமக்கென்று டிரைவருடன் வருகின்றன. தாங்கியின் அளவை நாமே கூட்டிக் குறைக்கலாம். சில நேரம் பெட்டி உண்மையாகவே பழுதாவதும் உண்டு. துளை ஆடும், வயர் உள்ளே அறும். வாங்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சாரதி நேரத்துக்கு எடுக்காத குற்றத்துக்கு எத்தனை புது பஸ் வாங்கினாலும் பயணம் பிந்தத்தான் செய்யும். எங்கள் புதுப் பெட்டி அதைத்தான் காட்டித் தந்தது.

நேரம் இல்லை என்பதும் சரியான காரணம் அல்ல. பெற்றோர் கூட்டம் வைத்து, காசு சேர்த்து, நகரத்துக்குப் போய் வாங்கி வர எங்களுக்கு மூன்று கிழமை போனது. விசாரித்துப் பார்க்க ஒரு மணித்தியாலம்தான் போனது.

இனிமேல் எங்கள் பாடசாலையில், எந்த மின்கருவிக்கும் காசு கேட்டு உங்களிடம் வர முன், என்ன சோதித்தோம், என்ன கண்டோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். கூட்டத்தில் அந்தக் கொப்பியைக் கேளுங்கள். இல்லையென்றால் காசு தர வேண்டாம். ஊரிலுள்ள மற்றச் சங்கங்களும் இதையே செய்தால் நல்லது. அந்தச் சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது விஞ்ஞான பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போடுவதுதான். எழுதிப் போட்ட நாங்கள் மறந்துவிட்டோம், படித்த பிள்ளை மறக்கவில்லை.

உங்கள் காசில் வாங்கிய புதுப் பெட்டி வீணாகாது. அது கணித பாடப் பதிவுக்குப் போகிறது. பழையது வரலாற்றுக்குத் திரும்பிவிட்டது. 1815 பாடத்தை நேற்று மறுபடி பதிவு செய்து குழுமத்தில் போட்டிருக்கிறோம். பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் கேட்கச் சொல்லுங்கள். 1805 எழுதிய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்விக்குரிய புள்ளியைக் கொடுத்துவிட்டோம். பிழை அவர்களுடையது அல்ல.

உங்கள் வீட்டிலும் இப்படி விக்குகிற மைக்கோ ஹெட்செட்டோ இருந்தால், வீச முன் மேலே சொன்ன ஆறையும் பாருங்கள். எதில் சரிவந்தது என்று கீழே எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.