நெட்டை நிறுத்தலாம், நம்மை நிறுத்த முடியுமா?



"இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கு. யாரும் எதையும் எழுதலாம். அப்புறம் எதுக்கு ஆர்ப்பாட்டம், எதுக்கு மனு, எதுக்குக் கட்சி?"

டீக்கடையில இருந்து டிவி விவாதம் வரைக்கும் இப்போ இதைத்தான் சொல்லுதாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பக்கத்து மக்கள் கிட்ட இந்தக் கதை செல்லாது. எழுதினா என்ன நடக்கும்னு கண்ணால பார்த்த ஊர் இது. மூணே மூணு சம்பவம் சொல்றோம். எல்லாமே நம்ம சுற்றுவட்டாரம்.

🔴 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத காசிதர்மம் கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நாலு உயிரும் போச்சு. கந்துவட்டியைத் தடுக்க 2003-லயே சட்டம் இருக்கு. இருந்து என்ன செய்ய?

அந்தக் கோபத்தை கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படமா வரைஞ்சு முகநூலில் போட்டார். முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் மூணு பேரையும் விமர்சிச்ச படம். ஆட்சியர் புகார் கொடுத்தார். நவம்பர் 5-ம் தேதி சென்னையில் கைது பண்ணி நெல்லைக்குக் கொண்டு வந்தாங்க. அவதூறுப் பிரிவோடு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவும் சேர்த்து வழக்கு. 67 எதுக்குத் தெரியுமா? ஆபாசத்துக்கு! மறுநாள் ஜாமீன் கிடைச்சது வேற விஷயம். இணையத்தில் எழுதினாலே கைது பண்ணலாம்னு இருந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து பண்ணியிருந்துச்சு. ஒரு கதவை மூடினா அடுத்த கதவைத் திறக்க இவங்களுக்குத் தெரியும்.

மனு கொடுத்தவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. படம் போட்டவரைப் பிடிக்க மட்டும் சென்னை வரைக்கும் போக ஆள் இருந்துச்சு.

🔴 2018 மே 22. ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு. 13 பேர் கொல்லப்பட்டாங்க. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூணு மாவட்டத்துக்கும் 27-ம் தேதி வரை இணையம் துண்டிப்புன்னு உத்தரவு. நெல்லையில் என்ன கலவரம் நடந்துச்சு? திசையன்விளையில் யார் கல்லெறிஞ்சா? பக்கத்து மாவட்டத்தில் செத்தவங்க யாருன்னு தெரிஞ்சுக்கக்கூட வழியில்லாம உட்கார வச்சாங்க.

நெட்டை நிறுத்த டவரை உடைக்க வேண்டியதில்லை. உள்துறைச் செயலாளர் கையெழுத்து போதும். போன்ல சிக்னல் கட்டை இருக்கும், டேட்டா ஓடாது. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா 1885-ல வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம். தந்தி சேவையையே 2013-ல மூடிட்டாங்க. சட்டம் மட்டும் அப்புறமும் உயிரோட இருந்து நம்ம வாயைக் கட்டுச்சு. இப்போ 2023-ல புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் போட்டிருக்காங்க. நிறுத்துற அதிகாரம் அதுலயும் பத்திரமா இருக்கு.

🔴 2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வச்சதாகச் சொல்லிக் கூட்டிட்டுப் போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் உயிரோட திரும்பல. பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசின வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. அதில் உள்ள தகவல் மிகைன்னு சிபிசிஐடி சொன்ன பிறகு வீடியோ நீக்கப்பட்டுச்சு.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. ஹேஷ்டேக் வெளிச்சம் போட்டுச்சு, அதை மறுக்கல. வழக்கை நிறுத்திக் காட்டினது எது? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரிச்சது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே நேர்ல போனது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயப்படாம சாட்சி சொன்னது. லட்சம் ஷேர் ஒரு பக்கம், அந்த ஒரு சாட்சி மறுபக்கம்.

இது ஏதோ ஒரு கட்சியோட நோய் இல்லை. 1987-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பிச்சு. 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைஞ்ச படத்துக்காக அதே விகடனின் இணையதளத்தையே முடக்கினாங்க. உயர் நீதிமன்றம் போன பிறகுதான் தளம் திரும்ப வந்துச்சு. அதுவும் அந்தப் படத்தை எடுத்து வைக்கணும்ங்கிற நிபந்தனையோட. நாளைக்கு நம்ம ஆட்சியே வந்தாலும் இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. அப்பவும் கேளுங்க.

விகடனுக்கு வக்கீல் உண்டு. முருங்கைக்காய்க்கு விலை இல்லைன்னு வீடியோ போடுற நம்ம ஊர் விவசாயிக்கு யார் உண்டு? அதுக்குத்தான் கட்சி.

அதனால மூணு கோரிக்கை:

✅ இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிடணும்னு 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஒவ்வொரு உத்தரவும் காரணத்தோட மக்கள் பார்வைக்கு வரணும்.
✅ பதிவை முடக்கும் முன் எழுதினவருக்கு நோட்டீஸ் கொடுக்கணும்.
✅ அதிகாரியை விமர்சிச்சா அதே அதிகாரியோட புகாரில் கைது பண்ணுற பழக்கம் ஒழியணும்.

நம்ம தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கருத்துரிமைன்னா வசவு உரிமை இல்லை. கருத்துச் சொன்ன பெண்ணோட கமெண்டில் போய் அசிங்கமா எழுதுறவன் டிபியில் நம்ம கொடி இருந்தாலும் நம்ம ஆள் இல்லை. அவன் எழுதுறதைக் காட்டித்தான் நாளைக்கு நம்ம எல்லார் வாயையும் அடைப்பாங்க.

ஷேர் பண்ணினதோட கடமை முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. குடிதண்ணி வரலையா? வீடியோ போடுங்க. போட்ட கையோட பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. அந்த நம்பரை அடுத்த பதிவில் போடுங்க. பதில் வரலையா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க, 30 நாளில் பதில் சொல்லியாகணும். ஊராட்சியில் இருக்கிற தோழர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆறு நாளும் கிராம சபையில் உட்காருங்க. தீர்மானம் எழுதினாங்களான்னு பார்த்துட்டு எந்திரிங்க.

பதிவை அழிக்க ஒரு கிளிக் போதும். கிராம சபையில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை எந்தக் கம்பெனியும் எந்த மந்திரியும் டெலீட் பண்ண முடியாது.

எழுதுவோம். எழுதிட்டு எந்திரிச்சு நடப்போம்! ✊

தகவல் தொழில்நுட்ப அணி, திசையன்விளை

#கருத்துரிமை #நெல்லை #திசையன்விளை