"விடிய ஏறியிருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலேயே பொருத்திய கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களும், பிள்ளைக்கு ஒன்று பொருத்திக் கொடுக்க நினைப்பவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

"சேர், வின்டோஸ் ஏத்தப் போட்டு மூன்று மணித்தியாலம் ஆகுது. இன்னும் 37 வீதத்திலேயே நிக்குது. என்ன செய்யிறது?"

இப்படியான வட்ஸ்அப் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. காரணம் உண்டு. வின்டோஸ் 10இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. வின்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். அதனால் இரண்டாம் கை மதர்போட் ஒன்று, எங்கேயோ வாங்கிய ரேம் ஒன்று, பழைய பெட்டியில் கழற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று சேர்த்து, நமது தம்பிமாரே விடுமுறையில் பொருத்துகிறார்கள். நல்ல விஷயம். புதிதாக வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை.

என் பிரச்சினை, அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான். "இரவு முழுக்க அப்படியே விடுங்க, விடிய ஏறியிருக்கும்" என்பார்கள். விடிய ஏறியும் இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நல்ல எஸ்.எஸ்.டியும் நல்ல பென்ட்ரைவும் இருந்தால் வின்டோஸ் ஏறப் பொதுவாக அரை மணித்தியாலம் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். ஐந்து, எட்டு மணித்தியாலம் என்று இழுத்தால், அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வின்டோஸ் ஏற்றுவது என்பது நாம் பொருத்திய பெட்டிக்கு வைக்கும் முதல் பரீட்சை. டிஸ்க், ரேம், புரொசசர் மூன்றும் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. அந்தப் பரீட்சையில் தடுமாறியதை "எப்படியோ ஏறிட்டுதுதானே" என்று பாஸ் பண்ணி அனுப்புகிறோம்.

பாஸ் பண்ணி அனுப்பினால் என்ன நடக்கும்? உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு முழுக்க ஓடவிட்டு ஏற்றிய கொம்பியூட்டர். ஒன்றரை மாதம் ஒருவாறு ஓடியது. ஒருநாள் காலையில் திறக்கவில்லை. கடையொன்றில் காட்டியபோது மதர்போட் மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றினார்கள். பிறகும் அதே கதை. பழுது முதல்நாளிலிருந்தே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. பிள்ளையின் செயற்திட்டமும், குடும்பத்தின் படங்களும், ஸ்கேன் பண்ணி வைத்திருந்த காணிப் பத்திரங்களும் அதோடு போய்விட்டன.

இந்த இழப்பு நமக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போன சமூகம் நாம். திரும்பி வந்த பிறகு உறுதிக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும், பாடசாலைப் பதிவுக்கும் எத்தனை கந்தோர்ப் படி ஏறினோம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அன்று நம்மைக் கேட்டு எதுவும் போகவில்லை. ஆனால் மூன்று மணித்தியாலம் 37 வீதத்தில் நின்று எச்சரித்த டிஸ்க்கில், அரும்பாடுபட்டு எடுத்த பத்திரங்களை வைத்துவிட்டு இழப்பது அப்படியல்ல. அதைத் தடுக்கலாம்.

எப்படி? காசு செலவழிக்க முன்பு, எந்த இடத்தில் சுணங்குகிறது என்று பாருங்கள்.

1. எந்தக் கட்டத்தில் நிற்கிறது?
வின்டோஸ் ஏறும்போது முதல் தடவை கொம்பியூட்டர் தானாக நின்று திரும்பத் தொடங்கும்வரைதான் பென்ட்ரைவுக்கு வேலை. அதற்குப் பிறகு வேலை எல்லாம் உள்ளே இருக்கும் டிஸ்க்கில். ஆகவே அதற்குப் பிறகும் இழுத்தால் பென்ட்ரைவ் குற்றவாளி அல்ல. அப்டேட் தேடும் கட்டத்தில் மட்டும் இழுத்தால் உங்கள் இணைய இணைப்புத்தான் காரணம். போன் ஹொட்ஸ்பொட்டில் வின்டோஸ் ஏற்றுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

2. பென்ட்ரைவும் அது செருகும் இடமும்.
ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வின்டோஸ் கோப்பு ஏறக்குறைய 5 ஜி.பி என்று வையுங்கள். செக்கனுக்கு 20 எம்.பி வாசிக்கும் சாதாரண பென்ட்ரைவ் அதை 250 செக்கனில், அதாவது ஏறக்குறைய நாலேகால் நிமிடத்தில் வாசித்துவிடும். செக்கனுக்கு 5 எம்.பி மட்டும் வாசிக்கும் மலிவுப் பென்ட்ரைவுக்குக்கூட 17 நிமிடம் போதும். ஆகவே "பென்ட்ரைவ் ஸ்லோ" என்ற ஒரு காரணத்தால் எட்டு மணித்தியாலம் ஆகாது. ஆனால் பழுதான பென்ட்ரைவும், 64 ஜி.பி என்று எழுதி உள்ளே 8 ஜி.பி மட்டும் இருக்கும் போலிப் பென்ட்ரைவும் என்னவும் செய்யும். வேறொரு பென்ட்ரைவில், பெட்டியின் பின்பக்கம் மதர்போட்டிலேயே இருக்கும் யூ.எஸ்.பி துளையில் செருகிப் பாருங்கள். கோப்பை மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்தே எடுங்கள். யாரோ வெட்டி ஒட்டிய "லைட்" வின்டோஸ் வேண்டாம்.

3. டிஸ்க்கும் கேபிளும்.
பெரும்பாலும் விஷயம் இங்கேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு இடத்தை வாசிக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அந்த நேரம் முழுக்க வின்டோஸ் காத்திருக்கும். வீதம் நகராமல் நிற்பது அதனால்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கொம்பியூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பாருங்கள். மூன்று வரி போதும். 05 என்ற வரி, டிஸ்க் ஏற்கனவே கைவிட்டு மாற்றிக்கொண்ட இடங்கள். சி5, வாசிக்க முடியாமல் இழுபடும் இடங்கள். இந்த இரண்டிலும் பூச்சியம் இல்லாமல் எண் இருந்தால், முக்கியமாக அது கூடிக்கொண்டு போனால், உள்ளே இருப்பதை உடனே வேறிடத்துக்கு எடுத்துவிட்டு அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுங்கள். சி7 என்ற வரி மட்டும் கூடினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளோ அதன் முனையோதான் பழுதாக இருக்கும். கேபிளை மாற்றினாலும் சி7இன் பழைய எண் குறையாது. மேலும் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நமது ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த பெட்டிக்குள் உப்பும் மணலும் சேர்ந்தே போகின்றன. ரேமின் பற்களிலும் கேபிள் முனைகளிலும் மங்கல் பிடிக்கிறது. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசு தட்டி மாட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

4. டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள்.
லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்ட்ரைவில் போட்டு, எதையும் நிறுவாமல் அப்படியே ஓட்டலாம். திறப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தாலும், திறந்த பிறகு ஒழுங்காக ஓடினால் சந்தேகம் டிஸ்க்கின் பக்கம் போகிறது. அதுவும் தடுமாறினால் ரேம், சூடு, மதர்போட் என்று பாருங்கள்.

5. ரேமும் சூடும்.
இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஏற்றிப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 ஓடவிட்டு ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். பயோஸில் சும்மா நிற்கும்போதே புரொசசரின் சூடு 80 பாகையைத் தாண்டினால் மேலே இருக்கும் விசிறி சரியாக அமரவில்லை, அல்லது இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இன்டெல்லின் பெட்டியோடு வரும் விசிறிக்கு நாலு முளை. மூன்று பூட்டி ஒன்று தூக்கி நின்றாலும் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

"எஸ்.எஸ்.டி ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்ததுதானே, இவ்வளவு ஏன்?" என்று சிலர் கேட்பீர்கள். பாதி உண்மை. டிஸ்க்தான் பழுதென்றால் எஸ்.எஸ்.டி தீர்த்துவைக்கும். கேபிளோ ரேமோ பழுதென்றால் புதிய எஸ்.எஸ்.டியும் அதே பாடுதான் படும். காசு போன பிறகு "எஸ்.எஸ்.டியும் சரியில்லை" என்பீர்கள். இருக்கிற காசுக்கு ஒரு பொருள்தான் வாங்கலாம் என்கிற வீட்டில், எதை வாங்குவது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தச் சோதனை எல்லாம்.

இனி மூன்று தரப்பிடம் மூன்று வேண்டுகோள்.

பொருத்திக் கொடுக்கும் தம்பிமாரே, உங்கள் கைக்கு வருவது இன்னொரு குடும்பத்தின் அமானிதம். டிஸ்க்கின் அந்த மூன்று வரியையும் படமெடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்குங்கள். துடைத்து ஏற்ற முன்பு "உள்ளே தேவையான ஏதும் இருக்கா?" என்று உம்மாவிடமும் கேளுங்கள், வாப்பாவிடமும் கேளுங்கள்.

பெற்றோரே, பத்திரங்களையும் படங்களையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி கொம்பியூட்டரில், ஒன்று வெளியே கழற்றி வைத்த டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் அல்லது இணையத்தில் இருக்கட்டும்.

எனது சக ஆசிரியர்களே, பழைய மாணவர் சங்கத்தவர்களே, நாம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறோம். ரேம் என்றால் என்ன என்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் செருகுவதென்று தெரியாது. ஆய்வுகூடத்து மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்றைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுப்போம், பெண்பிள்ளைகளிடமும்தான். எருக்கலம்பிட்டியோ, தாராபுரமோ, சிலாவத்துறையோ, ஊருக்கு ஒரு சோதனைப் பை இருந்தால் போதும். நல்ல பென்ட்ரைவ் இரண்டு, சாட்டா கேபிள் இரண்டு, வேலை செய்வது நிச்சயமான ரேம் ஒன்று, சின்ன எஸ்.எஸ்.டி ஒன்று. தேவைப்படும் வீடு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். ஒரு மதர்போட்டை வீணாக மாற்றாமல் தடுத்தாலே அந்தப் பையின் செலவு வந்துவிடும்.

கீழே கேள்வி கேட்பவர்கள் "ஸ்லோவா இருக்கு சேர்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கட்டத்தில், எத்தனை வீதத்தில் நிற்கிறது, டிஸ்க் புதிதா பழையதா, 05, சி5, சி7 மூன்றிலும் என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள். தெரிந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.